கவுன்ட்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

22 கிலோ டூல்பாக்ஸைத் தள்ளிக்கொண்டு நான் கவுன்ட்டரை அடைந்தபோது, பெட்டி வாங்கும் நேரம் முடிந்து 4 நிமிடம் ஆகியிருந்தது. விமானம் கிளம்ப இன்னும் 56 நிமிடம் இருந்தது. கைப்பை மட்டும் என்றால் ஓடிப் பிடித்திருப்பேன். ஸ்பேனர் செட்டையும் டார்க் ரெஞ்ச்சையும் கையில் எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் போக விடமாட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபமாகப் பார்த்தார்.

அச்சு இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஏதாவது ஓர் ஊரிலிருந்து விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். அன்று நான் போனது டாக்ஸியில். மேப் காட்டிய நேரம் 1 மணி 5 நிமிடம். ஆனது 1 மணி 50 நிமிடம். மேப்பைக் குறை சொல்ல முடியாது. நான் பார்த்தது முந்தின நாள் இரவு 10 மணிக்கு. கிளம்பியது காலை 8 மணிக்கு. சாலை காலியாக இருந்த நேரத்தின் கணக்கை வைத்துக்கொண்டு, ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி ஏறியது என் புத்தி.

அதற்குப் பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: வாசல் கதவைப் பூட்டிய நேரம், கவுன்ட்டர் வரிசையில் நின்ற நேரம், எதில் போனேன். நோட்டைப் புரட்டினால் எந்த வண்டி வேகம் என்பதைவிட, எந்த வண்டியின் நேரம் நாளுக்கு நாள் ஆடுகிறது என்பதுதான் கண்ணில் படுகிறது. ஒரே பாதையில் ரயில் நேரம் 5 நிமிடத்துக்குள் ஆடினால், கார் நேரம் முக்கால் மணி ஆடியிருக்கும். ஆகவே இப்போதெல்லாம் ஒரு வண்டியைப் பார்த்து நான் கேட்பது இது ஒன்றைத்தான்: உன்னுடைய மோசமான நாளில் எத்தனை மணி நேரம் எடுப்பாய்?

முதலில், எந்த விமான நிலையம்?

சிரிக்காதீர்கள். ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு, ஊரிலிருந்து எங்கோ கிடக்கும் விமான நிலையங்கள் நிறைய. 'பிராங்க்ஃபர்ட் ஹான்' என்று டிக்கெட்டில் பார்த்தால் அது பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து 120 கிலோமீட்டருக்குப் பக்கம். ஸ்டாக்ஹோமின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஸ்காவ்ஸ்டா ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பாரிஸ் பெயரில் வரும் போவே 80 கிலோமீட்டருக்கு மேல். குறைந்த கட்டண விமானங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் இறங்கும், ஏறும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் பேருந்துக்கும் டாக்ஸிக்கும் கொடுத்துவிட்டு வருவோம். டிக்கெட் எடுக்கும்போதே வழிச்செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள் இருந்தால் டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைத்தான் நம்ப வேண்டும். டோக்கியோவில் ஹனேடா ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1978-ல் திறந்த நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாறிப் போய் நின்றால் அன்றைய விமானம் போனதுதான். அடுத்தது டெர்மினல். கோலாலம்பூரில் இரண்டு டெர்மினல்களுக்கும் குறியீடு ஒன்றே. ஆனால் நடந்து போகிற தூரத்தில் இல்லை. ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். நரிட்டாவிலும் முதல் டெர்மினலுக்கு ஒரு ரயில் நிலையம், இரண்டுக்கும் மூன்றுக்கும் சேர்த்து இன்னொன்று. டெர்மினல் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. போனில் சார்ஜ் போனாலும் கை போகாது.

கணக்கு இப்படித்தான்

விமானம் 10 மணிக்கு என்று வையுங்கள். பெட்டி வாங்குவதை 9 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். (வெளிநாட்டு விமானங்களில் பலவற்றுக்கு 60 நிமிடம், சிலவற்றுக்குக் குறைவு. உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள்.) வரிசை நீளமாக இருக்கும் என்று நினைத்து 8 மணிக்கு அங்கே நிற்க விரும்புகிறேன். விமான நிலையத்து ரயில் நிலையத்திலிருந்து கவுன்ட்டருக்கு, லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, 15 நிமிடம். அப்படியானால் ரயில் 7:45-க்கு வந்து சேர வேண்டும். ஓட்டம் 40 நிமிடம் என்றால் 7:05-க்குக் கிளம்பும் ரயில். 20 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், ஒன்று கண் முன்னால் போய்விடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்; ஆக 6:45-க்கு நடைமேடையில். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 25 நிமிடம்: 6:20. வாசலைப் பூட்டிவிட்டு, கேஸ் மூடினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பதற்கு 10 நிமிடம்: 6:10.

ரயில்காரர்கள் விளம்பரத்தில் சொல்வது 40 நிமிடம். என் கதவிலிருந்து கவுன்ட்டர் வரை 1 மணி 50 நிமிடம். அன்று டாக்ஸி என்னைக் கவிழ்த்ததும் அதே 1 மணி 50 நிமிடத்தில்தான். இந்த முறை அந்த எண் எனக்கு முதல் நாளே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டியின் வேகம் இந்தக் கணக்கில் எவ்வளவு சின்னப் பங்கு என்று பாருங்கள். ஷாங்காயின் புடோங் விமான நிலையத்துக்குக் காந்தத்தில் மிதந்து ஓடும் ரயில் இருக்கிறது. 30 கிலோமீட்டரை 8 நிமிடம் போலத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது கிளம்பும் லோங்யாங் ரோடு நிலையம் நகரத்தின் நடுவில் இல்லை. அங்கே போக முதலில் மெட்ரோ ஏற வேண்டும், இறங்கிப் பெட்டியை இழுக்க வேண்டும், டிக்கெட் வாங்க வேண்டும். முதல் முறை ஆசைக்கு ஏறினேன். ஒரு தரம் ஏற வேண்டிய வண்டிதான், மறுக்கவில்லை. நேரம் மிச்சமாகும் என்று ஏறாதீர்கள்.

ரயில்

ரயில் இருந்தால் என் முதல் விருப்பம் அதுதான். அதிலும் கவனிக்க வேண்டியது எக்ஸ்பிரஸா சாதாவா என்பது இல்லை, நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு எந்தப் பாதை பக்கம் என்பது. நரிட்டாவுக்கு ஸ்கைலைனர் என்ற ரயில் டோக்கியோவின் நிப்போரி நிலையத்திலிருந்து 40 நிமிடத்துக்குள் போய்விடும். நரிட்டா எக்ஸ்பிரஸ் டோக்கியோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் போல ஆகும். ஆனால் ஷின்ஜுகு பக்கம் தங்கியிருப்பவர் அந்த வேகத்துக்காகப் பெட்டியோடு நிப்போரி வரை போய் மாறுவதில் என்ன லாபம்? நரிட்டா எக்ஸ்பிரஸ் ஷின்ஜுகுவுக்கே வருகிறது. பெட்டியோடு ஒரு முறை ரயில் மாறுவதை நான் 15 நிமிடம் என்று கணக்கு வைக்கிறேன். புது ஊர் என்றால் 20.

கோலாலம்பூரில் எக்ஸ்பிரஸ் நிற்காமல் 28 நிமிடம். அதே தண்டவாளத்தில் மூன்று இடங்களில் நின்று போகும் டிரான்சிட் ரயில் ஏழெட்டு நிமிடம்தான் கூடுதல். எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுங்கள். எக்ஸ்பிரஸுக்காக நடைமேடையில் கால் மணி நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

ஒசாகாவில் நடந்ததைச் சொல்கிறேன். கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் சாதா வேக ரயிலில் பல வண்டிகள் ஹினேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி விமான நிலையத்துக்கு, பின்பாதி வகாயாமாவுக்கு. எனக்கு அது தெரியாது. ரயில் சரிதான், நடைமேடை சரிதான், டூல்பாக்ஸை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் பின்பாதியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பாட்டி என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையால் விமானம் பறப்பது போலக் காட்டி ரயிலின் முன்பக்கத்தைச் சுட்டினார். நான் தலையாட்டிவிட்டு மறுபடி உட்காரப் போக, சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. புரிந்துகொண்டு ஓடினேன். அதிலிருந்து ரயில் சரியா என்று பார்த்ததோடு நிறுத்துவதில்லை, நான் ஏறிய ரயில்பெட்டியின் எண் சரியா என்றும் பார்க்கிறேன். பிரியும் ரயில்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ரயிலின் பலவீனம் இரண்டு முனைகளிலும் இருக்கிறது: முதல் ரயில், கடைசி ரயில். காலை 6 மணி விமானத்துக்கு முதல் ரயிலில் போய்ச் சேர முடியாத விமான நிலையங்களே அதிகம். ஞாயிறும் விடுமுறை நாளும் வேறு அட்டவணை. பராமரிப்புப் பணி என்று பாதையை மூடிவிட்டுப் பேருந்து விடுவதும் வார இறுதியில்தான். முந்தின நாள் மாலை ஒரு தரம் ரயில்வேயின் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள். மற்றபடி படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். அது நடைமேடையின் எந்த முனையில் என்று போட மாட்டார்கள்.

பேருந்து

விமான நிலையப் பேருந்தைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். வயதானவர்களோடு போகும்போது எனக்கு ரயிலைவிடப் பேருந்துதான் பிடிக்கும். பெட்டியை அடியில் போட்டுவிடுவார்கள். உட்கார்ந்தால் டெர்மினல் வாசலில்தான் இறங்குவது. நடுவில் ஏறி இறங்க வேண்டாம். என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவரோடு போன ஒரே ஒரு ரயில் பயணத்தில் மூன்று இடத்தில் மாறினோம். இரண்டாவது இடத்தில் என் மனைவி என்னைப் பார்த்து, "ஏங்க, ஏழு நிமிஷம் மிச்சம் பிடிக்கவா இவ்வளவும்?" என்றாள். பதில் இல்லை. விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். அது விமான நிலைய வாசலில்தான் கிடைக்கும், நகரத்து ரயில் நிலையத்தில் கிடைக்காது என்பது அதற்கு முன்னால் எனக்கு உறைக்கவே இல்லை.

பேருந்தில் கவனிக்க வேண்டியவை: அது ஓடுவதும் கார் ஓடும் அதே சாலையில்தான், தனித் தடம் இருந்தால் தவிர. ஆகவே காலை, மாலை நெரிசலில் அட்டவணையை நம்பாதீர்கள். முன்பதிவு இல்லாத பேருந்து என்றால் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். நடுவழி நிறுத்தத்தில் நின்று, நிறைந்த பேருந்து கையசைத்துவிட்டுப் போவதைப் பார்த்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. இன்னொன்று, நீண்ட பயணம் என்றால் வண்டியில் கழிப்பறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்

தனியாகப் போகிறவருக்கு டாக்ஸி ஆடம்பரம். நான்கு பேருக்கு அது கணக்கில் ஒத்துவரும். ரயில் ஆளுக்கு ஒரு டிக்கெட், கார் வண்டிக்கு ஒரு கட்டணம். நான்கு ரயில் டிக்கெட்டையும் வீட்டிலிருந்து நிலையம் போகும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஆனால் நான்கு பேர் என்றால் நான்கு பெட்டி. சாதாரண காரின் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு, மிஞ்சினால் ஒரு சின்னது. எரிவாயு சிலிண்டர் வைத்த வண்டியாக இருந்தால் டிக்கியில் பாதி போய்விடும். பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் வண்டி பிடிக்க வேண்டும், ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லி அல்ல.

செயலியில் பிடிக்கும் டாக்ஸியை விடிகாலைக்கு நான் நம்புவதில்லை. தொலைதூர விமான நிலையம் என்றால் ஓட்டுநருக்குத் திரும்பும்போது சவாரி கிடைக்குமா என்ற கவலை. தூரத்தைப் பார்த்ததும் ரத்து செய்துவிடுவார். 3 மணிக்கு இரண்டு பேர் ரத்து செய்தால் 3:25 ஆகிவிடும். முன்கூட்டியே பேசி வைத்த வண்டி நல்லது. கட்டணத்தில் சுங்கச் சாவடி, பார்க்கிங், இரவுக் கட்டணம், காத்திருப்பு எல்லாம் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முந்தின நாள் மாலை ஒரு போன். அந்த போனில் நான் தவறாமல் கேட்பது, "அண்ணே, இன்னைக்கு நைட் டூட்டியா?" என்பது. ஒரு முறை இரவு 2 மணிக்கு ஏறி, ஓட்டுநரின் தலை முன்னால் சாய்வதைக் கண்ணாடியில் பார்த்தேன். மீதி 50 கிலோமீட்டரும் அவருடைய ஊர்க்கதை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தேன். வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். விமானம் போய்விடும் என்ற பயம் உயிர்ப் பயத்தையே மறக்கடிக்கும்.

சொந்தக் காரை அங்கே விட்டுப் போவது இரண்டு மூன்று நாள் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் என்றால் பார்க்கிங் கட்டணம் டாக்ஸியைத் தாண்டிவிடும். நீண்டநாள் பார்க்கிங் டெர்மினலிலிருந்து தள்ளித்தான் இருக்கும், அங்கிருந்து ஒரு வண்டி பிடிக்க 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவினர் கொண்டுவந்து விடுகிறேன் என்றால்? அன்பை மறுக்க முடியாது. அவர் கிளம்ப வேண்டிய நேரத்தை மட்டும் அரை மணி முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

ரயிலையும் காரையும் கலக்கலாம்

இது எனக்கு வெகு தாமதமாகப் புரிந்தது. நெரிசல் எல்லாம் நகரத்துக்குள்தான். நகரத்தைத் தாண்டினால் சாலை பெரும்பாலும் ஓடும். ஆகவே நகரத்தை மெட்ரோவிலோ புறநகர் ரயிலிலோ கடந்து, விமான நிலையப் பக்கத்துக் கடைசி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் நேரமும் ஆடாது, காசும் பாதி. ஓட்டுநருக்கும் குறைந்த தூரம் என்பதால் ரத்து செய்வது குறைவு. என் நோட்டில் இப்படிப் போன வரிகளில் தாமதம் என்று ஒன்றுகூட இல்லை. பெட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

சில ஊர்களில் இன்னொரு வசதி உண்டு: ஹாங்காங்கிலும் சியோலிலும் நகரத்து ரயில் நிலையத்திலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு போர்டிங் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். எல்லா விமான நிறுவனங்களுக்கும் கிடையாது. மூடும் நேரமும் வெகு முன்னதாக. உங்கள் விமானம் அந்தப் பட்டியலில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். 22 கிலோவை நடுவழியிலேயே கையை விட்டு இறக்குவதன் சுகம் தூக்கினவனுக்குத்தான் தெரியும்.

ஒரே வழி என்றால்

2018 செப்டம்பரில் புயல் அடித்தபோது, ஒரு டேங்கர் கப்பல் நங்கூரம் இழுபட்டு வந்து கன்சாய் விமான நிலையத்துப் பாலத்தில் மோதியது. அந்த விமான நிலையம் கடலில் மண் கொட்டி உண்டாக்கிய தீவு. ரயிலும் சாலையும் போவது அந்த ஒரே பாலத்தில்தான். ஆயிரக்கணக்கானோர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்; படகிலும் பேருந்திலும் மெல்ல மெல்லத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இப்படி அரிதாகத்தான் நடக்கும். ஆனால் மேப்பை விரித்து, நீங்கள் தேர்ந்தெடுத்த வழி அடைபட்டால் வேறு வழி உண்டா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ரயிலும் நெடுஞ்சாலையும் தனித்தனியாகப் போகிற ஊரில் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். ஒற்றை வழி என்றால், மழை எச்சரிக்கை வந்த அன்றே கிளம்பி, விமான நிலையப் பக்கத்தில் அறை எடுத்துத் தூங்குவேன். விடிகாலை விமானத்துக்கும் அப்படித்தான். நள்ளிரவு டாக்ஸிக் கட்டணத்தோடு அறை வாடகையை ஒப்பிட்டால் வித்தியாசம் பல நேரம் சொற்பம். தூக்கம் லாபம்.

மற்ற நாட்களுக்கு நான் வைத்திருப்பது ஒரு 'கைவிடும் நேரம்'. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன், 6:20-க்கு வர வேண்டும். 6:35 வரை பார்ப்பேன். 6:35-க்கு வராவிட்டால் டாக்ஸி. இந்த எண்ணை வீட்டில், மனம் பதறாமல் இருக்கும்போதே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும்போது "இதோ வந்துவிடும், இன்னும் 5 நிமிடம்" என்றுதான் மனம் சொல்லும். கொடுத்த டிக்கெட் காசு போகிறதே என்றும் சொல்லும். அந்தக் காசை மறந்துவிடுங்கள். 6:35 என்ற எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு: அந்த நேரத்தில் டாக்ஸி பிடித்தால், சாலை மோசமாக இருக்கும் நாளில்கூடக் கவுன்ட்டர் மூடுவதற்குள் சேர முடிய வேண்டும். அப்படிச் சேர முடியாவிட்டால் அது கைவிடும் நேரம் இல்லை, கைவிட்ட நேரம்.

திரும்பி வரும்போது

இறங்கின பிறகு கணக்கு தலைகீழ். மூடப் போகும் கவுன்ட்டர் எதுவும் இல்லை. பெட்டி எப்போது வரும், குடியேற்ற வரிசை எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே குறிப்பிட்ட நேரத்து ரயிலுக்கோ பேருந்துக்கோ முன்கூட்டி டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். எடுத்தால் நேரம் மாற்றிக்கொள்ள முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். வருகிற வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்து கேட்பவரோடு போகாமல், அதிகாரபூர்வ வரிசைக்குப் போங்கள். கவனிக்க வேண்டிய ஒரே கடிகாரம் கடைசி ரயிலுடையது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கினால் அது போயிருக்குமா என்று ஏறுவதற்கு முன்பே பார்த்து வைத்துவிடுவேன்.

அது போகாத இரவுகளில் இருப்பதிலேயே மெதுவான, எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் சாதா ரயிலில்தான் ஏறுவேன். கூட்டம் இருக்காது. டூல்பாக்ஸைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதி முடிப்பேன்.